கொளத்தூரும் கப்பி மீனும்

சென்னை மாநகரின் வடமேற்கே, வில்லிவாக்கத்துக்கும் மாதவரத்துக்கும் இடையே அமைந்த பகுதி கொளத்தூர். பெயரைக் கேட்டவுடனே குளம் நினைவுக்கு வரும். அருகிலேயே இரட்டை ஏரி இருக்கிறது. மக்கள் நாவில் அது 'ரெட்டேரி'. வடக்கே சற்றுத் தொலைவில், மாநகருக்குக் குடிநீர் தரும் புழல் ஏரி. இவ்வாறு நீர்நிலைகளைச் சுற்றமாகக் கொண்ட இவ்வூர் இன்று வீடுகளும் கடைகளும் நெருங்கி நிற்கும் நகர்ப்பகுதியாக மாறிவிட்டது. ஆயினும் நீரோடு அதற்கிருந்த உறவு அறுந்துபோகவில்லை. குளங்கள் சுருங்கின, கண்ணாடித் தொட்டிகள் பெருகின. வண்ண மீன் வளர்ப்பிலும் வணிகத்திலும் இந்தியா முழுவதும் அறியப்பட்ட ஊர்களில் ஒன்றாகக் கொளத்தூர் விளங்குகிறது.

இல்லத்தில் ஒரு மீன்தொட்டி வைக்க வேண்டும் என்னும் ஆசை பல குடும்பங்களில் எழுவது இயல்பு. பெரும்பாலும் பிள்ளைகளே அதைத் தூண்டுவர். பிறந்த நாளுக்கோ தேர்வில் தேறியதற்கோ பரிசாக ஒரு கண்ணாடிக் கிண்ணமும் நான்கைந்து மீன்களும் வீட்டுக்கு வரும். முதல் நாள் வீடெங்கும் மகிழ்ச்சி. மூன்றாம் நாள் ஒரு மீன் பக்கவாட்டில் சாய்ந்து மிதக்கும். பத்து நாளுக்குள் கிண்ணம் வெறுமையாகிப் பரண்மேல் ஏறிவிடும். 'நம் வீட்டுக்கு மீன் ராசியில்லை' என்று பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். ராசிக்கும் இதற்கும் தொடர்பில்லை என்பதைக் கொளத்தூரின் தெருக்களில் ஒரு காலைப்பொழுதைச் செலவிட்டவர் எவரும் அறிந்துகொள்வர்.

கடைத்தெருவின் காட்சி

சென்ட்ரலிலிருந்து அரக்கோணம் செல்லும் மின்தொடர் வண்டியில் ஏறி வில்லிவாக்கத்தில் இறங்கினால் கொளத்தூர் தொலைவில்லை. மீன் கடைகள் நிறைந்த தெருவுக்குள் நுழைந்ததுமே வேறோர் உலகம் விரிகிறது. கடை வாசல்களில் நீரும் காற்றும் அடைத்த பாலித்தீன் பைகள் விளக்குகளைப்போல் வரிசையாகத் தொங்குகின்றன. ஒவ்வொரு பையிலும் பொன்னும் சிவப்பும் நீலமுமாய் உயிர்கள் அசைகின்றன. பொன்மீன், ஏஞ்சல், மோலி, பிளாட்டி, கோய், கௌராமி, வரிக்குதிரைபோல் கோடுகள் உடைய சீப்ரா என்று வகைகள் பல. ஒன்றையொன்று கண்டால் போரிடும் 'ஃபைட்டர்' மீன்களைத் தனித்தனிக் குப்பிகளில் அடைத்து, நடுவே அட்டை வைத்து மறைத்திருக்கிறார்கள். பக்கத்தில் காய்ந்த பாதாம் இலைகள் கட்டுக்கட்டாக விற்பனைக்கு உள்ளன. நீரில் ஊறும்போது இலையிலிருந்து இறங்கும் சாறு ஃபைட்டர் மீனுக்கு ஏற்றது என்பது வளர்ப்போரின் அனுபவம்.

கடையின் பின்கட்டில் வெளியூருக்கு அனுப்பும் வேலை நடைபெறும். அதுவும் ஒரு கைத்திறனே. பையில் மூன்றில் ஒரு பங்கு நீரை விட்டு, மீன்களை இட்டு, எஞ்சிய இடத்தில் உருளையிலிருந்து பிராணவாயுவை நிரப்பி, ரப்பர் வளையத்தால் இறுகக் கட்டுகிறார்கள். மீன்களுக்கு முதல் நாளே தீனியை நிறுத்திவிடுகிறார்கள். பயணத்தில் மீன் கழிக்கும் கழிவு நீரை நஞ்சாக்கிவிடும் என்பதே காரணம். ஒரு மீனைக் கொல்வது பசியன்று, அதன் கழிவே என்னும் இந்தப் பாடத்தை அவர்கள் ஏட்டில் படித்து அறியவில்லை, தொழிலில் கண்டறிந்திருக்கிறார்கள். இல்லத்தில் மீன் வளர்ப்போர் முதன்முதலில் கற்க வேண்டிய பாடமும் இதுவே.

சென்னைக்கு மீன் காட்சியில் உள்ள நாட்டம் புதியதன்று. 1909 ஆம் ஆண்டிலேயே மெரினா கடற்கரையில் ஒரு மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. இந்தியாவில் இத்தகைய முதல் காட்சியகம் அதுவே. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அது மூடப்பட்டது. அங்கே மக்கள் கட்டணம் செலுத்திப் பார்த்த வியப்பு, இன்று எளிய குடும்பத்தின் கூடத்திலும் இடம் பெற்றுவிட்டது.

மாடிமேல் ஒரு பண்ணை

கடைகளில் காண்பது கொளத்தூரின் முகம் மட்டுமே. அதன் உயிர்நாடியைக் காண வேண்டுமானால் வீட்டு மொட்டை மாடிகளுக்கும் கொல்லைப்புறங்களுக்கும் செல்ல வேண்டும். சிமெண்டுத் தொட்டிகள் வரிசையாகக் கட்டப்பட்டு, காகமும் மீன்கொத்தியும் கவர்ந்து செல்லாதபடி வலை விரிக்கப்பட்டிருக்கும். குடும்பம் முழுவதும் இத்தொழிலில் ஈடுபடும். அதிகாலையில் தீனி இடுவதும், குஞ்சுகளைப் பிரித்தெடுப்பதும், பாசி அகற்றுவதும் பெரும்பாலும் பெண்களின் கைகளால் நடைபெறுகின்றன. நகரில் நிலம் அருகி விலை உயரவே, இத்தொழில் திருவள்ளூர் மாவட்டச் சிற்றூர்களுக்கும் பரவியுள்ளது.

இந்தத் தொட்டிகளை முதன்முறை பார்ப்பவர் முகம் சுளிக்கக்கூடும். நீர் பச்சைப் பசேலென்றிருக்கும். 'இவ்வளவு அழுக்கு நீரிலா இத்தனை அழகிய மீன்கள்?' என்று கேட்கத் தோன்றும். ஆனால் அது அழுக்கன்று. கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் கோடிக்கணக்கில் மிதப்பதால் வந்த பசுமை அது. மீனின் கழிவில் உள்ள அம்மோனியாவை அப்பாசிகள் உணவாக உறிஞ்சிக்கொள்கின்றன. நம் வீட்டுக் கிண்ணத்தில் பளிங்குபோல் தெளிந்த நீரில் மீன் மடிவதும், இவர்கள் மாடியில் பச்சை நீரில் மீன் கொழிப்பதும் இதனாலேயே. தெளிவு வேறு, தூய்மை வேறு.

இத்தொட்டிகளில் மிகுதியாகக் காணப்படுவதும், புதிதாக வளர்க்க முற்படுவோருக்கு விற்பனையாளர்கள் முதலில் எடுத்துக் காட்டுவதும் கப்பி மீன். ஆண் மீன் ஓர் அங்குலத்துக்குச் சற்றே மிகும். உடலைவிட அழகிய வால் அதற்கு. பெண் மீன் இரண்டு அங்குலத்தை நெருங்கும், நிறம் குறைவு. முட்டையிடாமல் குஞ்சுகளை உயிருடன் ஈனும் இனம் இது. ஏறத்தாழ நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஈன்றுவிடும். ஓர் ஈற்றில் இருபது, முப்பது, சில வேளைகளில் அதற்கு மேலும் குஞ்சுகள். விலையும் எளிது, எதையும் உண்ணும், யாரோடும் சண்டையிடாது. தொடக்க நிலையினருக்கு உகந்த மீன் என்று இதைச் சொல்வதில் வியப்பில்லை.

கொளத்தூர் வளர்ப்போரின் கண் இம்மீனில் செய்திருக்கும் வேலை பெரிது. நல்ல நிறமும் விரிந்த வாலும் உள்ள ஆண்களைத் தெரிந்தெடுத்துத் தனியே வளர்த்து, அவற்றின் வழித்தோன்றல்களிலிருந்து மீண்டும் தெரிந்தெடுத்து, கோப்ரா, டக்சீடோ, மாஸ்கோ நீலம், முழுச்சிவப்பு என்று பல வகைகளைக் காத்து வருகிறார்கள். ஒரு தொட்டியின் மீன் அடுத்த தொட்டியில் துள்ளி விழுந்தால்கூடப் பல மாத உழைப்பு வீணாகும். கலந்துவிட்ட கப்பிகள் சில தலைமுறைகளுக்குள் நிறம் மங்கிப் பழைய தோற்றத்துக்குத் திரும்பத் தொடங்கும். அந்தப் பழைய தோற்றம் எது? இம்மீன் எங்கிருந்து வந்தது? அதை அறிந்தால் இதை வளர்க்கும் வழியும் விளங்கும்.

கடல் கடந்த தாயகம்

கப்பியின் தாயகம் தென்னமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியும் அதையொட்டிய டிரினிடாட் தீவும் ஆகும். 1859 ஆம் ஆண்டில் பெர்லின் நகர அறிஞர் வில்ஹெல்ம் பீட்டர்ஸ், வெனிசுவேலா நாட்டிலிருந்து வந்த மீன்களைக் கொண்டு இதற்குப் 'பொயீசிலியா ரெட்டிகுலாட்டா' என்று பெயரிட்டார். இதையறியாமல் 1866 இல் டிரினிடாடிலிருந்து இலண்டன் அருங்காட்சியகத்துக்கு இதே மீனை அனுப்பியவர் இராபர்ட் ஜான் லெக்மியர் கப்பி என்பவர். அத்தீவில் பள்ளிகளின் தலைமை ஆய்வாளராகப் பணியாற்றிய அவர், நிலவியலிலும் இயற்கை ஆய்விலும் ஆழ்ந்த நாட்டம் கொண்டவர். அருங்காட்சியகத்தில் இருந்த ஆல்பர்ட் குந்தர் அவருடைய பெயரையே மீனுக்குச் சூட்டினார். அறிவியல் முறைப்படி முந்திய பெயரே நிலைத்தது. எனினும் மக்கள் வழக்கில் கப்பி என்பதே நின்றுவிட்டது.

டிரினிடாட் நமக்கு முற்றிலும் அயலான தீவன்று. 1845 முதல் 1917 வரை ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர் பல்லாயிரவர் அங்குக் கப்பலேற்றப்பட்டனர். சென்னைத் துறைமுகத்திலிருந்து சென்ற தமிழரும் அவர்களுள் இருந்தனர். நம்மவர் அங்கே சென்றனர். அங்குள்ள சிறு மீன் இங்கே வந்து நம் மாடிகளில் குடியேறியது.

அத்தீவின் வடக்கு மலைத்தொடரிலிருந்து சிற்றோடைகள் பல அருவிகளாய்க் குதித்து இறங்குகின்றன. ஓர் அருவிக்குக் கீழே வாழும் கப்பியும் மேலே வாழும் கப்பியும் ஒரே இனம். ஆயினும் தோற்றத்தில் வேறுபாடு உண்டு. கீழே பெரிய மீன்கள் கப்பியை வேட்டையாடுகின்றன. பகட்டான நிறம் அங்கே உயிருக்கு உலை வைக்கும். ஆகவே ஆண்கள் மங்கிய நிறத்தில், மணலோடு மணலாய்த் தோன்றுகின்றன. அருவியைத் தாண்டி மேலேற அவ்வேட்டை மீன்களால் இயலாது. அங்கே பகை குறைவு. ஒளிரும் ஆண்களைப் பெண் மீன்கள் விரும்பி ஏற்கின்றன. ஆதலால் நிறம் மிகுகிறது. ஜான் எண்ட்லர் என்னும் அறிஞர் 1976 இல் அரிப்போ ஆற்றின் ஆபத்து மிகுந்த பகுதியிலிருந்து கப்பிகளை எடுத்து, கொடிய பகையில்லாத கிளையோடை ஒன்றில் விட்டார். இரண்டாண்டு அளவிலேயே அவற்றின் வழித்தோன்றல்களில் ஆண்களின் நிறம் கூடியிருப்பதைக் கண்டார். டேவிட் ரெஸ்னிக் முதலியோர் தொடர்ந்து ஆராய்ந்து, பருவமடையும் வயதும் குஞ்சுகளின் அளவும்கூடத் தலைமுறைகளில் மாறியமையை 1990 இல் வெளியிட்டனர். உயிரினங்கள் சூழலுக்கேற்ப மாறுவதை மனிதன் தன் வாழ்நாளுக்குள்ளேயே காண உதவிய சான்றுகளில் இது புகழ் பெற்றது.

ஓடையில் வேட்டை மீனும் பெண் மீனும் செய்த தேர்வைக் கொளத்தூர் மாடியில் வளர்ப்பவரின் கண் செய்கிறது. அங்கே பகைக்குத் தப்ப விரைந்து நீந்தும் உடல் தேவை. இங்கே பார்வைக்கு இனிய நீண்ட வால் தேவை. இதிலிருந்து புதியவர்களுக்கு ஓர் அறிவுரை கிடைக்கிறது. மிக நீண்ட வாலும் அரிய நிறமும் உடைய விலையுயர்ந்த வகைகள், நெருங்கிய உறவுக்குள்ளேயே பல தலைமுறை பெருகியவை. நீந்தவும் நோயைத் தாங்கவும் வலிமை குறைந்தவை. கலப்புநிற எளிய கப்பியே முதல் தொட்டிக்கு ஏற்றது. விலை குறைந்தது என்று அதை இகழ வேண்டியதில்லை.

மற்றொரு பாடம் நீரைப் பற்றியது. கப்பிக்குச் சற்றே கடினமான, காரத்தன்மையுள்ள நீர் நன்கு ஒத்துவரும். பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும் சென்னை ஆழ்குழாய்க் கிணற்று நீரை நாம் நொந்துகொள்கிறோம். பருப்பு வேகவில்லை என்று குறைப்படுகிறோம். அதே நீரில் கப்பி செழிக்கிறது. வெப்பமும் அவ்வாறே, நம் நாட்டில் இதற்குச் சூடேற்றும் கருவி தேவைப்படுவதில்லை. இத்தனை எளிதாக இருந்தும் புதியவர் வீட்டில் இம்மீன் ஏன் மடிகிறது?

கண்ணுக்குத் தெரியாத குடிகள்

கொளத்தூர்க் கடையொன்றில் கண்ட காட்சி இதற்கு விடை தரும். எட்டு வயதுச் சிறுமியோடு வந்திருந்த தந்தை, ஒரு தொட்டியும் பத்துக் கப்பிகளும் கேட்டார். கடைக்காரர் தொட்டியை மட்டும் துடைத்து எடுத்து வைத்தார்.

"தொட்டிய இன்னிக்கு எடுத்துட்டுப் போங்க சார். மீன ஒரு மாசம் கழிச்சு வந்து வாங்கிக்குங்க."

சிறுமியின் முகம் வாடிவிட்டது. "மீனே இல்லாத தொட்டிய வெச்சுக்கிட்டு என்ன பண்றது அங்கிள்?"

அவர் சிரித்தார். "பாப்பா, அம்மா பாலுக்கு உறை ஊத்தி வெச்சா உடனே தயிர் கேப்பியா? விடியட்டும்னு சொல்லுவாங்க இல்ல? இதுவும் அப்படித்தாம்மா. தண்ணியும் பதமாகணும்."

கைக்கு வந்த விற்பனையை ஒரு மாதம் தள்ளிப் போட்ட அந்த வணிகரின் சொல்லில் அறிவியல் முழுவதும் அடங்கியிருக்கிறது. மீனின் கழிவிலிருந்தும் எஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. அது மீனின் செவுளை அரிக்கும் நஞ்சு. இயற்கையில் இந்நஞ்சை முறிக்க நுண்ணுயிர்கள் உள்ளன. ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். மற்றொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரைட்டும் நஞ்சே, நைட்ரேட்டோ அளவு மிகாதவரை பெரிய தீங்கு செய்வதில்லை. செடிகளுக்கு அது உரம். இந்த நுண்ணுயிர்க் குடிகள் மணலிலும், கல்லிலும், வடிகட்டியின் பஞ்சிலும் ஒட்டி வாழ்வன. புதுத் தொட்டியில் அவை இருப்பதில்லை. போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்குள் மீனை விட்டால், குடிகள் இல்லாத வீட்டில் குப்பை சேர்வதுபோல் நஞ்சு சேரும். நீர் காரத்தன்மை மிக்கதாயும் வெதுவெதுப்பாயும் இருந்தால் அம்மோனியாவின் கொடுமை இன்னும் கூடும். கப்பிக்கு உகந்த நம் நீரே, பதப்படாத தொட்டியில் அதற்குக் கூற்றாக முடிவது இதனால்தான்.

பலரும் செய்யும் வேறொரு பிழை, வாரந்தோறும் தொட்டியை முற்றிலும் கவிழ்த்து, மணலைக் கழுவி, கண்ணாடியைத் தேய்த்து, புது நீர் நிரப்புவது. பார்வைக்கு அது தூய்மை. உண்மையில் அது ஒவ்வொரு வாரமும் உறையைக் கழுவிக் கொட்டுவதற்கு ஒப்பானது. மீன் வளர்ப்பு என்று நாம் சொல்வது உண்மையில் நீர் வளர்ப்பே. நீரை வளர்த்தால் மீன் தானே வளரும்.

இல்லத்தில் செய்ய வேண்டியவை

வட்டக் கிண்ணத்தைத் தவிர்க்க வேண்டும். அதில் நீரின் அளவும் குறைவு. காற்றுப் படும் மேற்பரப்பும் குறைவு. இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் உள்ள தொட்டியில் ஏறத்தாழ 56 லிட்டர் கொள்ளும். நீரின் எடையே அரை மூட்டை அரிசிக்கு மேலாகும் என்பதை எண்ணி, உறுதியான மேசையில், நேர் வெயில் படாத இடத்தில் வைக்க வேண்டும். அடியில் கழுவிய சரளை மணல், ஒரு பஞ்சு வடிகட்டி, கைப்பிடி வேலம்பாசி. இவையே போதும். பிளாஸ்டிக் மாளிகைகளும் கப்பல்களும் நமக்காகவே அன்றி மீனுக்காக அல்ல.

மாநகராட்சிக் குழாய் நீரில் குளோரின் கலந்திருக்கும். அது மீனையும் நுண்ணுயிரையும் ஒருங்கே கொல்லும். அகன்ற வாயுள்ள அண்டாவில் ஒரு நாள் முழுவதும் திறந்து வைத்தால் குளோரின் பெரும்பாலும் அகன்றுவிடும். உடனே தேவையெனில் கடைகளில் கிடைக்கும் ஹைப்போ உப்பைச் சொன்ன அளவில் இடலாம்.

நீர் நிரப்பி, வடிகட்டியை ஓடவிட்டு, மீனில்லாத தொட்டியில் நாள்தோறும் ஒரு சிட்டிகை தீனியை இட்டு வர வேண்டும். அது அழுகி நுண்ணுயிருக்கு உணவாகும். நெடுநாள் நலமாக நடந்துவரும் நண்பர் வீட்டுத் தொட்டியிலிருந்து பழைய பஞ்சோ ஒரு பிடி மணலோ கிடைத்தால் அதுவே உறைமோர். காத்திருக்கும் நாள் குறையும். அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் அளந்து காட்டும் சோதனைத் திரவங்களும் கடைகளில் உள்ளன. இரண்டும் இல்லையென்று காட்டிய பின்னரே மீன் வாங்கச் செல்லலாம்.

வாங்கும்போது சுறுசுறுப்பாக நீந்தி, துடுப்புகளை விரித்துக் காட்டும் மீன்களைப் பார்த்து எடுக்க வேண்டும். உடலில் உப்புத் தூவியதுபோல் வெண்புள்ளி காணும் மீனையும், அது இருக்கும் தொட்டியின் பிற மீன்களையும் வாங்கலாகாது. அந்நோய் எளிதில் பரவும். வீட்டுக்கு வந்ததும் பையை அவிழ்க்காமல் கால்மணி நேரம் தொட்டி நீரில் மிதக்கவிட்டு, வெப்பம் ஒத்தபின், சிறிது சிறிதாகத் தொட்டி நீரைப் பைக்குள் சேர்த்து, பின்னர் மீன்களை வலையால் எடுத்து விடுவது நலம். முதல் நாளில் மூன்று நான்கு மீன்கள் போதும். சில வாரங்களில் எட்டு, பத்து என்று உயர்த்தலாம்.

தீனி, நாளுக்கு இருமுறை, இரண்டு நிமிடத்துக்குள் உண்டு முடிக்கும் அளவு மட்டும். மீன் எப்போதும் பசித்ததுபோல் கண்ணாடி அருகே வந்து கெஞ்சும். பிள்ளைகள் இரக்கப்பட்டு அள்ளிப் போடுவர். இவ்விடத்தில் இரக்கத்துக்கும் ஓர் அளவு வேண்டும் என்பதைப் பெற்றோர் எடுத்துச் சொல்ல வேண்டும். வாரம் ஒருமுறை நான்கில் ஒரு பங்கு நீரை மட்டும் எடுத்து, ஆறவைத்த நீரை ஊற்றினால் போதும். வடிகட்டிப் பஞ்சை அவ்வாறு எடுத்த பழைய நீரிலேயே அலசிப் பிழிய வேண்டும், குழாயடியில் காட்டலாகாது. கோடையில் நீர் மிகவும் சூடேறினால் அதில் கரையும் பிராணவாயு குறையும். அந்நாளில் காற்றுக் குமிழ்க் கருவியை நிறுத்தாமல் ஓடவிடுவது நன்று.

பெருக்கமும் பொறுப்பும்

கப்பியை வளர்ப்பதில் உண்மையான சோதனை அது சாகும்போது வருவதன்று, பெருகும்போது வருவது. ஒரு முறை ஆணோடு கூடிய பெண், அவ்வித்தைத் தன் உடலில் காத்து வைத்துப் பல மாதங்கள் தொடர்ந்து ஈனும். ஆதலால் பெண் மீனைத் தனியே வாங்கி வந்தாலும் குஞ்சுகள் தோன்றும். பார்பேடோஸ் தீவில் இதற்குப் 'பத்து இலட்சம்' என்று பொருள்படும் 'மில்லியன்ஸ்' என்னும் பெயர் வழங்கியது பொருத்தமே. பெருக்கம் வேண்டாதவர் ஆண்களை மட்டும் வளர்ப்பதே எளிய வழி. அழகும் அவற்றிலேதான் இருக்கிறது. இருபாலும் வேண்டுமென்போர், ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண் என்ற அளவில் வைத்தால் பெண்கள் ஓயாத துரத்தலுக்கு ஆளாகாமல் இருக்கும்.

மிகுந்துபோன மீன்களை என்ன செய்வது? 'பாவம், ஏரியில் விட்டால் பிழைத்துக்கொள்ளட்டும்' என்று நல்லெண்ணத்தோடு செய்வார் உண்டு. இதைவிடப் பெருந்தீங்கு வேறில்லை. கொசுப்புழுவை உண்ணும் என்பதற்காக இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கப்பி இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, கிணறுகளிலும் குட்டைகளிலும் விடப்பட்டது. அது கொசுப்புழுவோடு நிற்கவில்லை. ஓடைகளில் பரவி, நம் மண்ணுக்குரிய சிறு மீன்களின் உணவையும் இடத்தையும் பங்கிட்டுக்கொண்டது. தலைமேல் வெள்ளிப் பொட்டு மின்ன நீர்மட்டத்தை ஒட்டி நீந்தும் நம் நாட்டுச் சிறு மீன், கொசுப்புழுவை உண்பதில் எவ்வகையிலும் குறைந்ததன்று. தொட்டிக் கண்ணாடியின் பாசியைச் சுரண்டும் என்று வாங்கப்படும் சக்கர் மீன் இன்னும் கொடியது. வீடுகளிலிருந்தும் பண்ணைகளிலிருந்தும் தப்பியும் விடப்பட்டும் அது சென்னையின் நீர்நிலைகளில் பெருகி, மீனவரின் வலைகளைக் கிழித்து வருகிறது. மீனை நம்பி வாழும் கொளத்தூருக்கு அருகிலுள்ள ஏரிகளே இத்தீங்குக்கு முதலில் ஆளாவன.

மிகுந்த மீன்களை அண்டை வீட்டாருக்கோ, வாங்கிய கடைக்கோ கொடுத்துவிடலாம். கொடுப்பதற்கு ஆள் இல்லையெனில் பெருகவிடாமல் காப்பதே கடமை. தொட்டி நீரைக்கூட ஏரியிலோ கால்வாயிலோ கொட்டாமல் செடிகளுக்கு ஊற்றுவது நலம். துளசியும் மல்லிகையும் அதில் நன்கு தழைக்கும்.

கப்பியின் ஆயுள் ஏறத்தாழ இரண்டு ஆண்டு. எவ்வளவு பேணினாலும் ஒரு நாள் அது மடியும். அதைப் பிள்ளைகளிடமிருந்து மறைத்து, இரவோடு இரவாக வேறொரு மீனை வாங்கி விட்டு ஏமாற்ற வேண்டாம். முதுமையால் மடிவதற்கும், நம் அவசரத்தால் மடிவதற்கும் உள்ள வேறுபாட்டை அவர்கள் அறியட்டும். முன்னது இயற்கை, பின்னது தடுக்கத் தக்கது.

ஆகவே, கொளத்தூருக்குச் செல்லும் பெற்றோர் இருமுறை செல்வதாகத் திட்டமிடுவார்களாக. முதல் முறை தொட்டியும் மணலும் வடிகட்டியும் மட்டும் வாங்கி வரலாம். மாதம் ஒன்று கழிந்து, நீர் பதமான பின், பிள்ளையை உடன் அழைத்துக்கொண்டு மீனுக்காக இரண்டாம் முறை செல்லலாம். இடைப்பட்ட அந்த முப்பது நாளும் மீனில்லாத தொட்டிக்கு நாள்தோறும் ஒரு சிட்டிகை தீனியிடும் வேலையைப் பிள்ளையிடமே ஒப்படையுங்கள். கண்ணுக்குத் தெரியாத உயிர்களுக்கும் உணவிட்டுக் காத்திருக்கப் பழகிய கை, பின்னர் வரும் கப்பியை மடியவிடாது.